சுழல் விண்மீன் திரளின் ஓரத்து ஹைட்ரஜன்: கேள்வி பதில்

சுழல் விண்மீன் திரள்களின் வெளிப்பகுதியில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: சார், படத்தில் திரள் முடிகிற இடத்துக்கு அப்பால் வெறும் இருட்டுதான். அங்கே வாயு இருப்பது எப்படித் தெரியும்?

பதில்: ரேடியோ அலையில் தெரிகிறது. ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலெக்ட்ரானும் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருந்தால் ஆற்றல் சற்றே அதிகம். எலெக்ட்ரான் எதிர்த்திசைக்குப் புரளும்போது அந்தச் சிறு மிச்சம் 21 செ.மீ. அலையாக, 1420 மெகாஹெர்ட்ஸில் வெளியேறும். 1944-ல் டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் இதைக் கணித்தார். 1951-ல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் நம் பால்வீதியிலிருந்தே அதைப் பிடித்தார்கள். பல சுழல் திரள்களில் இந்த வாயுத்தட்டு, விண்மீன்கள் தெரியும் தட்டைப்போல் இரு மடங்கு அகலம்.

கேள்வி: ஓர் அணு தானாகப் புரள ஒரு கோடி வருஷம் ஆகுமாமே? அவ்வளவு குளிரில் வேறு.

பதில்: சராசரியாகச் சுமார் 1.1 கோடி ஆண்டு, சரிதான். ஆனால் பெரிய திரளில் சூரியனைப்போல் பல நூறு கோடி மடங்கு நிறைக்கு ஹைட்ரஜன் உண்டு; எந்த நொடியிலும் கணக்கற்ற அணுக்கள் புரண்டுகொண்டிருக்கும். குளிரும் தடையில்லை. ஆற்றல் கூடிய அந்த மேல்நிலைக்கு ஏற 0.07 கெல்வினுக்கு ஈடான ஆற்றலே போதும். மைனஸ் 170 டிகிரி வாயுவிலும் முக்கால்வாசி அணுக்கள் மேல்நிலையில்தான் இருக்கும்.

கேள்வி: இந்த வாயுவுக்கும் கரும்பொருளுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பூமி சூரியனை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, நெப்டியூன் 5.4 கி.மீ.தான். நிறையெல்லாம் நடுவில் இருந்தால் தூரம் போகப்போக வேகம் குறையவேண்டும். விண்மீன்கள் முடிந்த பிறகும் அப்படிக் குறைகிறதா என்று அளக்க, அங்கே ஏதாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் இந்த வாயு. அதன் வேகத்தை 21 செ.மீ. அலையின் அதிர்வெண் மாற்றமே சொல்லிவிடும். நொடிக்கு 150 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வரும் பக்கத்தில் அதிர்வெண் சுமார் 0.7 மெகாஹெர்ட்ஸ் கூடும். விலகும் பக்கத்தில் அதே அளவு குறையும். என்ஜிசி 3198 திரளில், ஒளி மங்கிய விளிம்புக்கு வெகுதூரம் அப்பாலும் வேகம் 150-ஐ ஒட்டியே நிற்கிறது. 1985-ல் வான் அல்படா குழு வெளியிட்ட வரைபடம் அது. வாயுவும் விண்மீன்களும் சேர்ந்தாலும் அந்த வேகத்துக்கான ஈர்ப்பு தேறாது. மீதி ஈர்ப்பைத் தரும், கண்ணுக்குத் தெரியாத பொருளைத்தான் கரும்பொருள் என்கிறோம். ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்று 1983-ல் இயற்பியலாளர் மில்க்ரோம் சொன்ன வழியும் இதே அளவீடுகளைத்தான் நம்பியிருக்கிறது.

கேள்வி: அவ்வளவு வாயு இருந்தும் ஏன் அங்கே விண்மீன் பிறப்பதில்லை?

பதில்: பிறக்கிறது, மிகக் குறைவாக. கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுகூடத் தேறாத இடம், தூசியும் குறைவு. அதனால் வாயு திரண்டு, விண்மீன் பிறக்கத் தேவையான மூலக்கூறு மேகமாவது அரிது. ஆனாலும் எம் 83 என்ற சுழல் திரளை கேலக்ஸ் செயற்கைக்கோள் புறஊதாவில் படமெடுத்தபோது, பழைய படங்களில் வெறுமையாக இருந்த இடத்தில் இளம் விண்மீன் கொத்துகள் தெரிந்தன, ஹைட்ரஜன் இழைகளை ஒட்டியே. 2005-ல் வந்த முடிவு அது.

கேள்வி: இந்தத் தட்டுக்கு முடிவே இல்லையா?

பதில்: உண்டு. பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் புறஊதா ஒளி, மெலிந்த ஓரத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடும். அயனியான ஹைட்ரஜனிடம் 21 செ.மீ. அலை கிடையாது. வாயு அங்கேயும் தொடரலாம், நமக்குத்தான் தெரியாது.

கேள்வி: பக்கத்துத் திரள் மோதினால்?

பதில்: முதலில் குலைவது ஓரத்து வாயுதான், பிடிமானம் அங்கே குறைவு. எம் 81, எம் 82, என்ஜிசி 3077 மூன்றும் சாதாரணப் படத்தில் தனித்தனித் திரள்கள். 21 செ.மீ. படத்தில் மூன்றையும் நீண்ட வாயு இழைகள் இணைக்கின்றன.

கேள்வி: தொழில்முறை அல்லாத எங்களால் இதைக் கேட்க முடியுமா ஐயா?

பதில்: வேறு திரள்களின் ஓரம் கடினம், பெரிய தொலைநோக்கி வேண்டும். பால்வீதியுடையது முடியும். கூம்பு ஆண்டெனா, 1420 மெகாஹெர்ட்ஸுக்கான பெருக்கி, கணினியில் செருகும் எஸ்டிஆர் ரிசீவர் (மென்பொருள்வழி இயங்கும் ரேடியோ) போதும். கஸியோபியா விண்மீன் கூட்டத்தின் பக்கம் திருப்பிச் சில நிமிட சிக்னலைச் சராசரி எடுங்கள். திரையில் வரும் வரைபடத்தில், அருகிலுள்ள வாயுவின் மேட்டுக்குப் பக்கத்தில், அதிர்வெண் சற்றுக் கூடிய இடத்தில் இன்னொரு மேடு எழும். அது நமக்கு வெளிப்புறமாக இருக்கும், பால்வீதியின் பெர்சியஸ் சுழல் கரம்.