பள்ளிக்காக ஊரை விட்டு நகரின் ஓரத்துக்குக் குடிபெயரலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்கு அப்பால் உள்ளது. கிருஷ்ணகிரிக்கு 28 கிலோமீட்டர். மூன்று ஏக்கரில் மாவும் கொஞ்சம் கேழ்வரகும் இருக்கின்றன. இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். கணவர் டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு. மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். மகனுக்கு வரும் ஜூலைக்குள் மூன்று வயது நிறையும். நாத்தனார் குடும்பம் கிருஷ்ணகிரியை ஒட்டிய கட்டிகானப்பள்ளிப் பக்கம் குடிபோய், பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டது. எங்களையும் வரச் சொல்கிறார்கள். வீட்டு வாடகை 6,500 ரூபாய். பள்ளிக் கட்டணம் மகளுக்கு 38,000, மகனுக்கு 26,000. வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000. கணவர் மாமியாருடன் ஊரில் இருப்பார். நான் பிள்ளைகளோடு அங்கே இருப்பேன். எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி உண்டு. காலையும் மாலையும் டவுன் பஸ் வருகிறது. நாங்கள் போவது சரியா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன: மகள் ஆறாம் வகுப்பை எங்கே தொடங்குவது, மகனை எங்கே சேர்ப்பது, குடும்பம் எங்கே குடியிருப்பது. இவை மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே வண்டியில் ஏற்றுவதால்தான் பல குடும்பங்கள் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வருகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்த காலம் முழுவதும் இதை நான் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும் ஜூனில் நீங்கள் வீடு மாற வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மகளிடமிருந்து தொடங்குவோம், ஏனெனில் காலக்கெடு அவளுக்குத்தான் நெருங்கியிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவடைந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022-இல் தொடங்கியபோதே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற நிபந்தனையுடன்தான் வந்தது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டுக்குமே வாசல் ஆறாம் வகுப்பு. உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, பணம் போதாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால், அதன்பின் நான்கு ஆண்டுகள் அங்கேயே படித்தாலும் இந்த உரிமைகள் அவளுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகளோடு என் அறையில் உட்கார்ந்திருந்தபோது இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்பு ஒன்றை மட்டும்தான் அந்தப் பெண் தனியார் பள்ளியில் படித்திருந்தாள். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மெட்ரிக் பள்ளியின் பாடம் வேறு, தரம் வேறு என்ற எண்ணம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. 2011 முதல் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. வேறுபடுவது பயிற்று மொழியும், ஆசிரியரின் கவனமும், கட்டடமும்தான். பயிற்று மொழிதான் உங்களை இழுக்கிறது என்றால், அரசுப் பள்ளிகள் பலவற்றில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் நடக்கின்றன. அதில் சேர்ந்தாலும் 7.5 விழுக்காடு உரிமை குறையாது. ஆனால் உங்கள் மகளுக்கு நான் அவசரப்பட்டு ஆங்கில வழியைச் சொல்ல மாட்டேன். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் கற்று, அதில் ஐந்து ஆண்டுகள் ஊன்றிய குழந்தை அவள். பதினோரு வயதில் அறிவியலும் சமூக அறிவியலும் மூன்றாவதாக ஒரு மொழியில் வந்து நின்றால், புரிந்து படிப்பதை விட்டு மனப்பாடத்துக்குத் தாவும் பிள்ளைகளே அதிகம். மேலும், தமிழ் வழியில் படித்தோருக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 திருத்தத்துக்குப் பின் பட்டத்தோடு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே இப்போதைக்கு நீங்கள் கேட்க வேண்டியது.

ஆகவே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அந்த மேல்நிலைப் பள்ளியை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். தேர்ச்சி விழுக்காட்டை எழுதியிருக்கும் பலகையை விட, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டு அதிகம் பேசும்: தவறான விடையைச் சுழித்ததோடு ஆசிரியர் விட்டுவிட்டாரா, எந்த அடியில் பிழை வந்தது என்று குறித்திருக்கிறாரா என்று பாருங்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் இப்போது பணியில் இருக்கிறார்களா, இல்லை ஒருவரே இரண்டைச் சமாளிக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை நீங்களே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மாலை பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்பதையும் விசாரியுங்கள்.

இந்தப் பள்ளி உங்களுக்கு மனநிறைவு தரவில்லை என்றாலும் வீடு மாறுவது ஒன்றே வழி என்று ஆகிவிடாது. இந்தத் தெருவில் குடியிருப்பவருக்குத்தான் இடம் என்ற விதி நம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இல்லை. கிருஷ்ணகிரி நகரில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர அந்த நகரில் வாடகை ரசீது காட்ட வேண்டியதில்லை. மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம். வீடு மாறினால் மிச்சமாவது பயண நேரம் மட்டும்தான். பதினோரு வயதுப் பெண் நாளும் 56 கிலோமீட்டர் போய் வருவது எனக்கும் சம்மதமில்லை. பதினாறு வயதில் அதே தூரம் வேறு மாதிரி இருக்கும்.

இனி செலவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய கணக்கில் வாடகை ஆண்டுக்கு 78,000, கட்டணம் இருவருக்கும் 64,000, வேன் பத்து மாதத்துக்கு 20,000; மொத்தம் 1,62,000 ரூபாய். இதில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது: பால். விடியற்காலையில் எழுந்து கறப்பதும் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதும் நீங்கள்தானே? அந்தப் பணம் கைக்கு மாதம் 9,000 வருவதாக வைத்துக்கொண்டால்கூட, ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் நின்றுபோகும். வயதான மாமியாரால் இரண்டு மாடுகளைக் கவனிக்க முடியாது. டிராக்டருக்குப் போகிற கணவராலும் முடியாது. ஆறு மாதத்தில் மாடுகளை விற்றுவிடுவீர்கள். ஆக, இந்தக் குடிபெயர்வின் உண்மையான விலை ஆண்டுக்கு 2,70,000 ரூபாய். இரண்டு அடுப்பு எரிவதன் அரிசி, பருப்பு, எரிவாயுச் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. மா ஒரு ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஏமாற்றும் பயிர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ப்புக் குறைந்த ஆண்டில் முதலில் நிலுவையாவது பள்ளிக் கட்டணம்தான், அப்போது வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியவள் உங்கள் மகள்.

பணத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. அறுவடைக் காலமும் பள்ளிச் சேர்க்கைக் காலமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. மே, ஜூனில் மாங்காய் இறக்கும்போது நீங்கள் ஊரில் இருப்பீர்களா, வாடகை வீட்டில் இருப்பீர்களா? தந்தையை வாரம் ஒரு நாள் பார்க்கும் மூன்று வயதுக் குழந்தை அதை எப்படித் தாங்கும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

மகன் விஷயத்தில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மைப் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களைக் கட்டணமின்றித் தர வேண்டும். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகன் இதற்குள் வருகிறான். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவானவர்கள் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கு வருமான வரம்பே இல்லை. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பதால், வீட்டு முகவரி உண்மையிலேயே பொருட்படுத்தப்படும் இடம் இது ஒன்றுதான். ஆனால் விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். 2025-இல் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. குலுக்கலை நம்பி வீட்டை மாற்றாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அப்படிப்பட்ட பள்ளி இருந்தால் விண்ணப்பித்துப் பாருங்கள். அப்படிச் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை இலவச ஒதுக்கீட்டில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காடு உரிமை நிலைக்கும். கட்டணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இடம் கிடைக்காவிட்டால் அங்கன்வாடியும், அதன்பின் மகள் படித்த அதே தொடக்கப் பள்ளியும் இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் உங்கள் மகள் அங்கே கற்றது என்ன என்பதை அவளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே அந்தப் பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

வீடு மாறுவதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் பார்த்தபோது மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் நீண்ட நாளாகக் காலியாக இருந்தாலோ, பஸ் நின்றுபோனாலோ, உங்கள் கணவருக்கு நகரிலேயே நிலையான வேலை அமைந்தாலோ என் பதில் மாறும். அப்படி மாறினாலும் நகரின் ஓரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிலத்துக்கும் தூரம், பள்ளிக்கும் வேன் என்றால் அந்த வாடகையால் என்ன பயன்? அரசு மகளிர் பள்ளிக்கு மகள் நடந்து போகும் தொலைவில் சிறிய வீடு பாருங்கள். வீட்டைப் பார்க்கும்போது குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, மற்ற நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரா என்று கேளுங்கள். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் எட்டு வயதுக்குள் உருவாகும் நிலைப்பற்களில் நிரந்தரக் கறை விழக்கூடும், கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. மூன்று வயது மகன் இருப்பதால் இதைச் சொல்கிறேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதித்துத் தருவார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீடு மாறும் யோசனையை மகளின் பத்தாம் வகுப்பு முடியும் வரை எடுத்து வைப்பேன். அதற்கு முன் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமான அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஏழாம் வகுப்பிலிருந்தே அதற்குத் தயார் செய்யச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவு வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பிரிவு அருகில் இல்லை என்றால், அரசின் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளியா, நகரின் மகளிர் பள்ளியா என்று அப்போது பார்க்கலாம். அந்த இரண்டு ஆண்டு வாடகை, இப்போதைய ஏழு ஆண்டு வாடகையை விட உங்கள் கைக்கு அடங்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நாத்தனார் வீட்டார் சொல்வதற்காக வாடகை வீட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், மே மாதம் தொடக்கப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது அதில் மகளின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) ஆகியவை ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் மகளையும் அழைத்துச் செல்லுங்கள்.