மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் எப்படித் தாக்குப்பிடித்தது?

"ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார், மக்கள் கோபத்தில் பேருந்தைப் புறக்கணித்தார்கள், சட்டம் மாறியது. அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பாடத்தில் படித்ததை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து நகரம் மான்ட்கோமரி. அங்கே பேருந்தில் வெள்ளையர் முன்னால், கறுப்பினத்தவர் பின்னால் என்று இனவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் ஒதுக்கல் இருந்தது. கறுப்பினப் பெண்ணான பார்க்ஸ் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்ததால் கைதானார். வெறும் கோபத்தில் ஒரு வாரம் நடக்கலாம். ஓராண்டுக்கு மேல் தினமும் வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும்.

பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழன். அன்றிரவே அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஒரு தாளுக்கு மூன்று வீதம் துண்டறிக்கை அடித்து, விடியும் முன் வெட்டிக் கட்டி வைத்துவிட்டார். திங்கட்கிழமை, டிசம்பர் 5, பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின.

முதல் சில நாள் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் ஆளுக்கு 10 சென்ட், அதாவது பேருந்துக் கட்டணத்தையே வாங்கினார்கள். டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை மடக்கியது. உடனே புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் 1953-இல் இதே போராட்டம் நடத்திய பாதிரியார் ஜெமிசனிடம் வழி கேட்டார். அங்கிருந்து வந்த யோசனைதான் கார்க் கூட்டு: கார் வைத்திருப்பவர்கள் முறைபோட்டு மற்றவர்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு.

சுமார் 300 கார்கள். காலையில் ஏற்றிவிடும் இடங்கள், மாலையில் திரும்ப அழைத்து வரும் இடங்கள் என இரண்டு தனிப் பட்டியல். ஒவ்வொன்றிலும் 40-க்கு மேல். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தேவாலயங்களின் முன் கூடுவார்கள். மாலையிலோ வெள்ளையர் குடியிருப்புகளில் சிதறி நிற்பார்கள். அதனால்தான் இரண்டு பட்டியல். எந்தத் தெருவிலிருந்து எங்கே போகிறார்கள் என்று வரைபடம் போட, நகரைத் தெருத் தெருவாக அறிந்த தபால்காரர்கள் உதவினார்கள். பெட்ரோலுக்கும் பழுதுக்கும் வாராந்தரக் கூட்டங்களில் வசூல். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழி வறுவலும் விற்றுப் பணம் கொடுத்தார். பின்னர் தேவாலயங்கள் பேரிலேயே ஸ்டேஷன் வேகன்கள் வாங்கப்பட்டன.

போலீஸ் சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் ஓட்டுநர்களுக்கு அபராதம் எழுதியது. 25 மைல் வேகப் பகுதியில் 30 மைல் ஓட்டியதாகக் கிங்கையே கைது செய்தது. அதைவிட ஆபத்தானது காப்பீடு. நிறுவனங்கள் ஸ்டேஷன் வேகன்களின் பாலிசியைத் திரும்பத் திரும்ப ரத்து செய்தன. காப்பீடு இல்லாத வண்டி தெருவில் ஓட முடியாது. கடைசியில் அட்லாண்டா முகவர் ஒருவர் மூலம் லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை கைகொடுத்தது. மேடைப் பேச்சுகளை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

"வென்றது வழக்குதானே, புறக்கணிப்பால் என்ன பயன்?" என்று கேட்க யாராவது வருவார்கள். ஒதுக்கலை ரத்து செய்தது, மான்ட்கோமரியின் கறுப்பினப் பெண்கள் தொடுத்த 'பிரௌடர் எதிர் கேல்' வழக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 1956 பிப்ரவரி 1-இல்தான் தாக்கலானது. புறக்கணிப்பின் முதல் கோரிக்கைகளில் ஒதுக்கலை ஒழிப்பதே கிடையாது: மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவருக்கு முதல் இடம் (கறுப்பினத்தவர் பின்னாலிருந்து, வெள்ளையர் முன்னாலிருந்து), கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். அவ்வளவுகூடத் தர மறுத்ததால்தான் வழக்குக்குப் போனார்கள்.

1956 நவம்பர் 13 அன்று, உரிமமில்லாத போக்குவரத்துத் தொழில் என்று கார்க் கூட்டுக்குத் தடை கேட்டு நகராட்சி நீதிமன்றத்தில் நின்றது. அதே நாளில் உச்ச நீதிமன்றம் பேருந்து ஒதுக்கல் செல்லாது என்றது. தடையும் கிடைத்தது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு மான்ட்கோமரிக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 20. இடைப்பட்ட ஐந்து வாரமும் அக்கம்பக்கத்தாரின் காரிலும் கால்நடையாகவும்தான் போனார்கள், பேருந்தில் ஏறவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பார்க்ஸைக் 'களைத்துப்போன கிழவி' என்று எழுதுகிறார்கள். வயது 42, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2-இல், 15 வயது கிளாடெட் கால்வின் இருக்கையை விட மறுத்துக் கைதானார். பிரௌடர் வழக்கில் பெயர் கொடுத்துச் சாட்சி சொன்ன பெண்களில் அவரும் ஒருவர். பார்க்ஸ் அந்த வழக்கில் இல்லை. கால்வின் மீதான சிறார் வழக்குப் பதிவு 2021-இல்தான் அழிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 82.