பதில்: மகள் கையைக் கீறிக்கொள்கிறாள், என்ன செய்வது?

ஒன்பதாவது படிக்கும் மகள் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை, உள்ளே கீறல்கள், கேட்டால் "சாக நினைக்கலம்மா, மனசு லேசாகுது" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. அவள் சொல்வதை நம்புங்கள். தாங்க முடியாத பதற்றம் கொஞ்ச நேரம் தணிகிறது, அதனால்தான் மறுபடியும் கை போகிறது. கவனத்தை ஈர்க்கத்தான் என்கிறாராம் உங்கள் கணவர். ஊரே தன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவள் சட்டைக்குள் ஒளிப்பாளா?

தலையில் கை வைத்துச் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். மீறினால் இன்னும் கவனமாக மறைப்பாள், அவ்வளவுதான். காயத்தைக் கழுவி மருந்து போடும்போது, "அப்போ என்னடா நடந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் சரி, பக்கத்தில் இருங்கள்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வும் இருந்தால் அதற்குத் தருவார்கள். உளவியலாளரோடு பேசிப் பெறும் சிகிச்சைதான் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி முறை, அதாவது கொந்தளிக்கும் உணர்ச்சிகளைத் தாங்கவும் கையாளவும் பழக்கும் சிகிச்சை, வளரிளம் பருவத்தினரிடம் நன்கு சோதிக்கப்பட்டது. அதில் பெற்றோரும் கூட உட்கார்ந்து கற்க வேண்டும் (உங்கள் கணவரும்தான்). உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள்.

அப்புறம், சாகும் எண்ணம் பின்னால் வரும் அபாயம் இத்தகைய பிள்ளைகளுக்குக் கூடுதல். நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவு. நடு இரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழில் பேசலாம்.