‘ராட் அயர்ன்’ கேட்டில் வரும் ‘ராட்’ என்றால் என்ன?

மதுரையில் கேட் செய்யக் கொடுத்த இடத்தில் ‘ராட் அயர்ன்’ என்றார்கள், ராட் என்றால் கம்பிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கம்பியைச் சொல்லும் ராட் வேறு. இது ‘வொர்க்’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். எழுதும்போது முதலில் டபிள்யூ, நடுவில் ஜி, எச் வரும், மூன்றுமே ஒலிக்காது. ‘வேலை செய்து உருவாக்கிய’ என்பது பொருள்.

திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அடித்து உருவம் கொண்டுவருகிறார்கள். அதுதான் ராட். உருக்கி அச்சில் ஊற்றினால் அது வார்ப்பு. ராட் அயர்னுக்குத் தமிழில் தேனிரும்பு என்று எவ்வளவு அழகான பெயர் இருக்கிறது! அதில் கார்பன் மிகக் குறைவு, அதனால் வளையும். வார்ப்பிரும்பில் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அடித்தால் உடையும். இன்று ‘ராட் அயர்ன்’ என்ற பெயரில் விற்கும் கேட்டுகள் பெரும்பாலும் மைல்டு ஸ்டீல் என்னும் மென் எஃகுதான்.

சரி, இந்தச் சொல்லின் மற்ற வழக்குகளுக்கு வருவோம். நன்றாகச் செதுக்கிய கதையை ‘வெல் ராட்’ என்பார்கள். ‘ஓவர்ராட்’ என்றால் மனம் அளவுக்கு மீறிப் பதறிக் கிடப்பது. பரீட்சைக்கு முந்தின இரவில் அழும் பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தும். அப்புறம், புயல் நாசம் செய்ததை ‘ராட் ஹேவக்’ என்று எழுதுவார்கள். இந்த ராட், நாசம் விளைவிப்பதைச் சொல்லும் ‘ரீக்’ என்ற வினையின் இறந்தகாலம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேயும் பிறப்பிடம் ‘வொர்க்’தான்.