பனியையே பார்க்காத பெண்கள் குழுவாகப் பனிச்சறுக்குப் போகலாமா?

கேள்வி: "பெண்கள் மட்டும் சேர்ந்து பனிச்சறுக்கு விடுமுறை போக ஆசை. எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. சறுக்கு, ஊர் பார்ப்பது, ஓய்வு மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் உண்டா?"

உண்டு. ஆனால் விளம்பரங்களில் முதலில் வருகிற இடம் அது இல்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரி. எங்கள் குழுவில் ஒரு ஆசிரியை, ஒரு தாதி, தையல் கடை அக்கா, செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி என்று கலவையாக இருந்தோம். அம்மாக்கள் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். எங்களுக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர் கேமரன் மலைதான்.

எல்லோரும் முதலில் சொல்வது ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோவை. பனி அருமை, மறுக்கவில்லை. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து மாவு மாதிரி கொட்டுகிறது. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் மொய்க்கும் இடம், விலையும் ஏறிக் கிடக்கிறது, ஜப்பானைப் பார்க்கத் தனியாக வேறு எங்காவது போகவேண்டும். காஷ்மீரின் குல்மார்க்கையும் சிலர் கேட்பார்கள். அங்கே அடிவாரமே 2,600 மீட்டருக்கு மேல், ரோப் கார் 3,900 மீட்டரையும் தாண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு மூச்சு வாங்கும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அதே ஜப்பானில் நாகானோ மாநிலத்தின் நோசாவா ஒன்சென். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள்வரை விசா வேண்டாம். தோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஈயாமா, அங்கிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. சறுக்குமலையின் உச்சி 1,650 மீட்டர்தான். நம்ம கேமரன் மலையின் குனோங் பிரின்சாங் சிகரம் அதைவிட உயரம்! அதனால் மலைநோய் பயம் இல்லை. முக்கியமான விஷயம், இது சறுக்குக்காகக் கட்டிய ரிசார்ட் இல்லை, ஆட்கள் பரம்பரையாக வாழ்கிற கிராமம். முழங்கால் வலியால் சறுக்காத தோழியும் தெருவில் நடந்தே பொழுதைப் போக்கலாம். பெண்கள் குழுவில் அப்படி ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள், அவளையும் வைத்துத்தான் இடம் பார்க்கவேண்டும்.

சறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். முழுநாள் வகுப்பு எடுக்காதீர்கள், காலையில் அரைநாள் போதும். குழுவுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்யுங்கள், பெண் பயிற்சியாளர் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். கணவரோ தம்பியோ கற்றுக்கொடுத்தால் கார் ஓட்டக் கற்ற கதைதான், பாதி நேரம் திட்டு வாங்கியே போகும். சறுக்கத் தெரியாதவர்களாகச் சேர்ந்து விழுந்து எழும்போது வெட்கமே வராது. முதலில் சொல்லித்தருவது விழுந்தால் எழுவது. அப்புறம் இரண்டு பலகைகளின் முனையையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது. இது கைவந்தால் மிகச் சுலபமான பச்சைத் தடத்தில் இறங்கலாம். ஜப்பானில் பச்சைக்கு அடுத்தது சிவப்பு, கடைசி கறுப்பு.

வாடகைக் கடையில் எடையைக் கேட்பார்கள். குறைத்துச் சொல்லாதீர்கள்! சிரிக்கவேண்டாம், எங்களில் ஒருத்தி ஐந்து கிலோவை முழுங்கப் பார்த்தாள். பூட்ஸைப் பலகையோடு பிடிக்கிற பிணைப்பை உங்கள் எடை, உயரம், திறமை பார்த்துத்தான் முறுக்கி வைக்கிறார்கள். விழும்போது அது தானாகக் கழன்றால்தான் முழங்கால் தப்பும். பனிச்சறுக்கில் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதனால் போவதற்கு முன்பே தொடைக்கு வலு சேர்க்கிற பயிற்சியைத் தொடங்குங்கள். பூட்ஸுக்குள் மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து காலைக் கடிக்கும்.

மதியத்துக்கு மேல் கால் ஒத்துழைக்காது. அந்த நேரத்துக்குத்தான் வெந்நீர் ஊற்றுகள். கிராமத்தில் 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, உண்டியலில் நாமாகப் போடுவதுதான். ஊர்க்காரர்களே முறை வைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, ஆனால் உள்ளே ஒரு துணிகூடக் கட்டக்கூடாது. லயத்துக் குழாயடியில் கைலியைக் குறுக்கே கட்டிக் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். "என்னடி இது, ஒரு துண்டுகூட இல்லாமலா?" என்று தையல் கடை அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். கூட்டம் குறைகிற இரவு நேரத்தில் போனோம், உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அக்கா கடைசிவரை வரவில்லை, அதுவும் தப்பில்லை. பூட்டிக்கொண்டு குளிக்கிற தனி அறையுள்ள விடுதி பார்த்துப் பதிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. தண்ணீர் நல்ல சூடு, முதலில் உடம்பைக் கழுவிவிட்டு மெதுவாக இறங்குங்கள்.

ஊர் பார்க்க நாகானோ நகரத்து ஜென்கோஜி கோயிலுக்கு ஒரு இரவு ஒதுக்குங்கள். மூலக் கோயில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போதுள்ள பெரிய மண்டபம் 1707இல் கட்டியது. பெண்களை ஒதுக்காமல் வரவேற்ற கோயில் என்று அந்தக் காலத்திலிருந்தே பெயர். அதன் இரண்டு தலைமைப் பீடங்களில் ஒன்றில் இன்றைக்கும் பிக்குணிதான் அமர்கிறார். தலைமைத் துறவிகள் விடியற்காலைப் பூசைக்குப் போகும் வழியில், மண்டியிட்டிருக்கும் பக்தர்களின் தலையை ஜெபமாலையால் தொட்டு ஆசி தருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள யாத்திரிகர் விடுதிகளில் மீனும் இறைச்சியும் இல்லாத மடத்துச் சாப்பாடு கிடைக்கும். சைவக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் வெளியில் வெறும் காய்கறிச் சூப்பிலும் மீன்சாறு இருக்கலாம்.

ஜனவரி 15இல் நோசாவாவில் தீத்திருவிழா. நமக்குப் பொங்கல் நேரம், வீட்டை விட்டுக் கிளம்புவது கஷ்டம். அதோடு அன்றைக்கு அறை கிடைப்பதும் சிரமம். முதல்முறை போகிறவர்களுக்கு என் வாக்கு மார்ச் மாதத்துக்குத்தான். குளிர் தணிந்திருக்கும், சீனப் புத்தாண்டுக் கூட்டமும் ஓய்ந்திருக்கும்.

உடைக்குக் காசைக் கொட்டாதீர்கள். சறுக்கு ஜாக்கெட், கால்சட்டை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஊர் சுற்றுகிற குளிர்கோட்டுக்கு ஈப்போவில் பழைய துணி விற்கிற பண்டல் கடைகளைத் துழாவுங்கள். உள்ளே போடுவது மட்டும் பருத்தியாக இருக்கக்கூடாது, வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது. மிச்சப்படுகிற காசைக் காப்புறுதியில் போடுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு சேர்வதில்லை, அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.