இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டீர்களா?

வார இறுதிகளில் ஹூஸ்டன் பக்கம் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் தமிழர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகளும்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்களுக்காக எழுதியது இது. மாநிலம் தாண்டினால் சட்டம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். இரவு 11 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பணத்தோடு கிளம்புவேன். கிரீன் கார்டு இருக்கிறது. சட்டைக்குள் தெரியாமல் வைத்துக்கொள்ள, அதிகம் பராமரிப்பு கேட்காத துப்பாக்கி ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கேட்டி, டெக்சாஸ்

முதலில் துப்பாக்கி இல்லாத பதில். தினமும் அதே நேரத்தில், அதே வழியில் பணத்தைக் கொண்டுபோகாதீர்கள். யாராவது மிரட்டிக் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி உயிரைக் காக்க. கல்லாப்பெட்டியைக் காக்க இன்சூரன்ஸ் இருக்கிறது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது 9 எம்.எம். பிஸ்டல் (தோட்டாவின் விட்டம்தான் அந்த 9 மில்லிமீட்டர்). சிக் சாவர் பி365, க்ளாக் 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, இந்த மூன்றில் எது கையில் ஒழுங்காக உட்காருகிறதோ அது. பி365 வந்தது 2018-இல். அரைக் கிலோ எடையில், உள்ளங்கை நீளத்தில், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) பத்துத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல் அதுவரை கிடையாது என்றே சொல்லலாம். அடுத்த ஆண்டே 43எக்ஸ் வந்தது, அதிலும் பத்து. மூன்றிலும் உடல் பாலிமர், அதாவது கெட்டி பிளாஸ்டிக். ஸ்லைடும் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதி) குழலும் எளிதில் துருப்பிடிக்காதபடி பதப்படுத்திய எஃகு. கழற்றி மாட்ட ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், உறையும் கிடைக்கும்.

பார்க்க மூன்றும் சுவாரசியமில்லாத கறுப்புக் கட்டிகள். அதுதான் வேண்டும். விற்பனைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத புது மாடலை யாராவது புகழ்ந்தால், ஒரு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடுங்கள். முதல் தொகுதியில் வரும் கோளாறுகளை அடுத்தவர் செலவில் கண்டுபிடிக்கட்டும்.

வாங்கியதும் இடுப்பில் செருகாதீர்கள். சுட்டுப் பழகும் ரேஞ்சில் சாதாரணப் பயிற்சித் தோட்டா 200, அப்புறம் நீங்கள் நிஜமாகவே வைத்துக்கொள்ளப் போகிற தோட்டா 50 சுட்டுப் பாருங்கள். இரண்டாவதில் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. சிக்கினால் வேறு ரகத் தோட்டா, வேறு மேகசின் மாற்றிப் பாருங்கள். தகராறு செய்யும் பிஸ்டல்களில் பாதிக்கு மேல் மேகசின் கோளாறுதான் என்பது என் அனுபவம்.

ரிவால்வருக்குப் பராமரிப்பே தேவையில்லை என்கிறார் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பாதி உண்மை. ரிவால்வர் சும்மா கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளும். ஐந்து தோட்டா நிரப்பி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் சுடும். மேகசின் இல்லை, ஸ்லைடு இல்லை, தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொரு முறை ட்ரிக்கரை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிடி தளர்ந்தால் பிஸ்டல் சிக்கும், ரிவால்வருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஆனால் அது சிக்கினால் சிக்கியதுதான். பிஸ்டல் நின்றுவிட்டால் மேகசினை அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஓர் இழு. பத்தில் எட்டு முறை ஓடிவிடும். ரிவால்வரில் காலித் தோட்டாக்களைத் தள்ளும் நட்சத்திரத் தகடு ஒன்று உண்டு. அதன் அடியில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு நாலைந்து புகுந்தால் போதும், உருளை சுற்றாது, சில சமயம் மூடவே மூடாது. அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பியின் மரை தளர்ந்தாலும் அதே கதிதான். அதைச் சண்டைக்கு நடுவில் சரிசெய்ய முடியாது. தினமும் பாக்கெட்டில் சுமக்கிறவர் ரிவால்வரையும் துடைக்க வேண்டும். பாக்கெட் பஞ்சு எங்கெல்லாம் புகும் என்று ஒரு நாள் டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு விஷயத்தை விற்கிறவர்கள் சொல்வதில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ருகர் எல்சிஆர் போன்ற சின்ன ரிவால்வர்கள் சுமக்கச் சுகம், சுடக் கொடுமை. எல்சிஆர் 400 கிராமுக்கும் குறைவு, 642 அதைவிடச் சற்றே கூட. அவ்வளவு லேசான கருவியில் அவற்றுக்கான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால் உதை முழுக்க உள்ளங்கைக்குத்தான். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை, ட்ரிக்கர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். வகுப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் 20 தோட்டாவுக்கு மேல் சுட மறுக்கிறார்கள். பயிற்சி செய்யப் பிடிக்காத துப்பாக்கியை 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று விற்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நன்றாகச் சுடத் தெரிந்தவருக்கு இரண்டாவது துப்பாக்கியாக அது அருமையானது.

வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துடைத்து வைக்கிறேன். போதாதா?
– ஒரு வாசகர், சுகர்லேண்ட்

பூஜை போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் சந்தனத்தையும் குங்குமத்தையும் பெட்டிக்கு வையுங்கள். சந்தனம் காய்ந்து ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒட்டிக்கொண்ட பிஸ்டல் ஒன்றை நானே பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டியிருக்கிறேன். நல்ல கைராசிக்காரர், பாவம்.

அடிக்கடி சுடாவிட்டாலும் சுமக்கிற துப்பாக்கி அழுக்காகும். சுடுவதால் வருவது கரி, சுமப்பதால் வருவது பஞ்சும் வியர்வையும். ஹூஸ்டன் வெயிலில் இடுப்புக்குள் வைத்தால் சென்னைக் கோடையில் வைப்பதுபோல்தான். உப்பு எஃகைத் தின்னும். முதலில் துரு பிடிப்பது குறி பார்க்கும் முனைகள், சின்னச் சின்ன ஊசிகள், மேகசின் உடம்பு.

மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் இருக்கும் தோட்டாவையும் வெளியே எடுத்து, கண்ணாலும் விரலாலும் அறை காலியா என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். சில பிஸ்டல்களைக் கழற்றும்போது ட்ரிக்கரை ஒரு முறை இழுத்தாக வேண்டும், க்ளாக்கும் அதில் ஒன்று. 'காலி என்று நினைத்தேன்' என்பவர்கள் சுவரில் ஓட்டை போடுவது அந்த நொடியில்தான். பஞ்சைத் தட்டி, வெளியே எண்ணெய்த் துணியால் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது. நம்மவர்கள் கை இந்த இடத்தில்தான் தாராளம், தோசைக்கல்லுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றுவார்கள். அதிக எண்ணெய் பஞ்சை இழுத்துக் களிம்பாக்கும். தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் போகவே கூடாது, தோட்டாவின் அடிப்பகுதியிலும் படக் கூடாது.

பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு வகுப்பில் மாணவர்களுக்கு எதிரிலேயே என் பிஸ்டல் நின்றிருக்கிறது. இரண்டு மாதம் துடைக்காமல் சுமந்திருந்தேன். தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கிக்கு அடியில் என் சட்டைப் பஞ்சு ஒரு சின்னத் தலையணையாகவே உட்கார்ந்திருந்தது. துப்பாக்கி மேல் குற்றமில்லை.

ரேஞ்சில் சுட்ட அன்றே முழுதாகச் சுத்தம் செய்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத் தூசு குழந்தைகளுக்கு ஆகாது. ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் சுருள் வில்லை நிறுவனம் சொல்கிற கணக்கில் மாற்றுங்கள், சின்ன பிஸ்டல்களில் அது சீக்கிரமே களைத்துவிடும். இன்னொன்று: தினமும் இரவு தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதையே அறைக்குள் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அதன் முனை இம்மியளவு உள்ளே அழுந்தும். அழுந்தினால் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பக்கத்துத் தோட்டாவைவிடக் குள்ளமாகத் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், சுடாதீர்கள்.

எனக்கு 66 வயது. விரல் மூட்டுகளில் வாதம். ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. மகன் ரிவால்வர் வாங்கித் தருகிறேன் என்கிறான்.
– ஒரு வாசகி, டாலஸ்

அம்மா, ரிவால்வரின் ட்ரிக்கர் உங்கள் விரலுக்கு அதைவிடக் கஷ்டம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் என்று ஒன்று இருக்கிறது, இந்தத் தேவைக்கென்றே செய்தது. 2018-இல் .380 என்ற, உதை குறைந்த தோட்டாவுக்கும் பிறகு 9 எம்.எம்.-க்கும் வந்தது. ஸ்லைடு லேசு, மேகசினில் தோட்டா நிரப்புவதும் லேசு. .380-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பட்டை உண்டு, அதை உள்ளங்கை முழுதாக அழுத்தினால்தான் சுடும். உங்கள் பிடியில் அது ஒவ்வொரு முறையும் அழுந்துகிறதா என்று வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மகனை அல்ல, உங்கள் கையைக் கேளுங்கள்.

9 எம்.எம். தோட்டா போதுமா, அதைவிடப் பெரிய .45 வேண்டுமா?
– இருவர் கேட்டிருக்கிறார்கள்

போதும். 1986-இல் மயாமியில் நடந்த மோதலில் இரண்டு அதிகாரிகளை இழந்த எஃப்.பி.ஐ., பெரிய தோட்டாவைத் தேடி 10 எம்.எம்., .40 என்று சுற்றியது. இப்போது 9 எம்.எம்.-க்கே திரும்பிவிட்டது. விரைவாகவும் சரியாகவும் அடுத்த தோட்டாவைச் சுட முடிகிறதா என்பதுதான் முக்கியம். விலையும் குறைவு, அதனால் பயிற்சி கூடும்.

சல்வார் போடுகிறேன், பெல்ட் இல்லை. ஹேண்ட்பேக்கில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, ராலே

வேண்டாம் என்பதே என் பதில். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடைக்குப் போன ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்தது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை தைத்த பை அது. பையை நாற்காலியில் மாட்டுவோம், ஷாப்பிங் வண்டியில் வைப்போம், தோழியிடம் கொடுப்போம். உடம்பில் இருக்கும்வரைதான் அது உங்கள் கட்டுப்பாட்டில்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை கிடைக்கிறது. சல்வாருக்கு அது சரிப்படும். ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டி உறை அதில் இருக்க வேண்டும், வெறும் எலாஸ்டிக் துணி ஆகாது. வீட்டுக்கு வந்ததும் விரைவாகத் திறக்கும் சின்னப் பெட்டகத்தில் வையுங்கள். பீரோ உச்சியும் அரிசி டப்பாவும் குழந்தைகளுக்குத் தெரியாத இடங்கள் இல்லை. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,204 பேரில் 27,032 பேர் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டிலிருந்தே வெளியேற்றுங்கள்.

எச்-1பி-யில் இருக்கிறேன். டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆஸ்டின்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது ஆனவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம் என்பது சரி. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கவே தடை இல்லாதவர்களுக்குத்தான் அது. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவான தடை இருக்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் அதில் சேரும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் வைத்திருப்பதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். எட்டு வருடமாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர் ஒரு பிஸ்டலுக்காக அதைப் பணயம் வைக்க வேண்டுமா?

ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

கூடாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம். அமெரிக்க உரிமத்துக்கு அங்கே மதிப்பில்லை.

துப்பாக்கியைவிடத் தோட்டாவுக்குத்தான் பயப்படுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன அதே முதுகுப்பையில் துணியை அடுக்கிக்கொண்டு விமானம் ஏறி, பக்கப் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையங்களில் போலீஸிடம் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம், ஆனால் திரும்பும் டிக்கெட் அதுவரை காத்திருக்காது. ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்து அதை வெளியூருக்கு எடுக்காமல் இருங்கள். வேறு வழியில்லை என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லா ஜிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கட்டில் மேல் தட்டிப் பாருங்கள்.