வசாபி கிட்கேட் காரமா? ஜப்பான் போனால் எந்த ஊர்ச் சுவையை வாங்கலாம்?

ஏதாவது வீடியோவில் ஒருவர் வசாபி கிட்கேட்டைக் கடித்துவிட்டுக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நடிப்பு.

வசாபி என்பது ஜப்பானில் துருவித் தொட்டுக்கொள்ளும் ஒரு பச்சைக் கிழங்கு. துருவும்போதுதான் அதன் காரமே உண்டாகிறது. சட்டென்று காற்றில் போய்விடும், கால் மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சாக்லேட்டின் கொழுப்பு மிச்சக் காரத்தையும் பிடித்துக்கொள்வதால் முதலில் வெறும் பால் இனிப்புதான் தெரியும். கரைந்து தொண்டைக்குப் போகும்போது மூக்கில் லேசாக ஒரு சுள், அவ்வளவுதான். மாங்காய்ப் பச்சடியில் பச்சைக் கடுகை அரைத்து விட்டால் ஏறுமே, அதே ஜாதி, அளவுதான் குறைவு.

ஜப்பானில் ஒவ்வொரு ஊருக்கும் பேர்போன பொருளை வைத்துத் தனிச் சுவைக் கிட்கேட் உண்டு. ஷிசுவோகா வசாபி, ஒக்கினாவா ஊதாச் சர்க்கரைவள்ளி, நாகானோ ஆப்பிள், கியோட்டோ உஜி மாட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) எல்லாமே வெள்ளைச் சாக்லேட்டில் செய்பவை. கோகோவின் கசப்பு இருந்தால் இந்த மெல்லிய மணங்கள் அமுங்கிவிடும். 'வெள்ளைச் சாக்லேட் சாக்லேட்டே இல்லை' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மாட்சாவின் பச்சையைக் கறுப்புச் சாக்லேட்டில் எப்படிக் காட்டுவதாம்?

'எல்லாம் ஒரே தித்திப்பு' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்ததும் கடிப்பவர்கள். கோகோ வெண்ணெய் உருகினால்தான் மணம் வெளியே வரும். அது உருக 34 டிகிரி பக்கம் வேண்டும். துண்டை 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரவிட்டு, பாதியை உடைத்து, மெல்லாமல் நாக்கில் வையுங்கள். ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி முதலில், அப்புறம் வள்ளிக்கிழங்கு, பிறகு மாட்சா, வறுத்த தேயிலையான ஹோஜிச்சா, வசாபி கடைசி. நடுவில் வெந்நீர் குடியுங்கள், காபி வேண்டாம். ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே சுவையில் நிஜமாகவே மது உண்டு, ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் என்றாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

வெள்ளை வகை மிஞ்சினால் ஓவன் டோஸ்டரில் அலுமினியத் தாள் விரித்துச் சுடலாம். 2014-இல் கிட்கேட் செய்யும் நெஸ்லே நிறுவனமே ஜப்பானில் சுடுவதற்கென்றே ஒரு பூசணி புட்டிங் சுவையை விட்டது. இரண்டாவது நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மேலே பழுப்புப் புள்ளி வந்ததும் அணைத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டோடு எடுத்தால் கூழ்.

ரயில் நிலையம், விமான நிலையம், நெடுஞ்சாலைக் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கும். ஒரு ஊர்ச் சுவை இந்த வருடம் இருந்து அடுத்த வருடம் காணாமல் போகலாம், அதனால் ஒரே சுவையைத் தேடி அலையாதீர்கள். மாட்சா வாங்கும்போது மட்டும் காலாவதித் தேதி ரொம்பத் தள்ளி இருப்பதைப் பொறுக்குங்கள். பழசானால் மணம் போய் வைக்கோல் வாசனை வரும். தேதியில் ஆண்டுதான் முதலில் இருக்கும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுவாருங்கள். உருகி இறுகினால் மேலே வெள்ளை பூக்கும். அது பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். ஆனால் வாயில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். சென்னை வெயிலுக்கு ஃபிரிஜ்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் படிந்து வேஃபர் நமுத்துவிடும்.

ஆன்லைனில் 'அரிய சுவை' என்று மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்களிடம் ஏப்ரல், மே மாதங்களில் வாங்கவே வாங்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து அனுப்புகிறவர் அபூர்வம். வந்து சேர்வது உருகி ஒட்டிய கட்டி, கேட்டால் 'உணவுப் பொருள், திரும்பப் பெறமாட்டோம்' என்பார்கள்.